வெள்ளிக்கிழமைக் கசிவு

அந்த வருஷம் ஆகஸ்ட் மாதம் முழுக்க, மூன்றாம் நம்பர் வாஷிங் மெஷினைப் பற்றி யார் கேட்டாலும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: தெரியவில்லை. பதினெட்டு வருஷம் மெயின்டெனன்ஸில் குப்பை கொட்டியவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது எவ்வளவு கேவலம் என்று இன்னொரு மெயின்டெனன்ஸ்காரனுக்குத்தான் தெரியும். டாக்டரிடம் போனால் அவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல.

ஓசூர் சிப்காட்டில் எங்களுடையது பற்சக்கரம் செய்யும் கம்பெனி. வெட்டி முடித்த பற்சக்கரங்கள் எண்ணெயும் இரும்புத் தூளுமாக இந்த எந்திரத்துக்குள் போகும். உள்ளே ஓடும் கன்வேயர் அவற்றை வெந்நீரில் குளிப்பாட்டி, மறுபக்கம் பளபளவென்று வெளியே தள்ளும். அங்கிருந்து நேராகப் பேக்கிங். கன்வேயரை ஓட்டுவது மேலே உட்கார்ந்திருக்கும் ஒரு கியர்பாக்ஸ். பூசணிக்காய் அளவுதான் இருக்கும். அதன் தண்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையத்தின் பெயர் ஆயில் சீல். உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே வராமல் தடுப்பது அதன் வேலை. ஜூலையிலிருந்து அது அந்த வேலையைச் செய்யவில்லை. குளித்துவிட்டு வந்த பற்சக்கரங்களின் தலையில் சொட்டு சொட்டாக எண்ணெய் விழுந்தது. வாடிக்கையாளர் இரண்டு தடவை பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பிவிட்டார்.

சீல் போனால் சீல் மாற்ற வேண்டியதுதானே? மாற்றினேன். நான்கு தடவை மாற்றினேன். புதன்கிழமை மாற்றினால் வியாழக்கிழமை சொட்டுக்கூட இருக்காது. வெள்ளிக்கிழமை மதியம் லேசாக ஈரம் தெரியும். சனிக்கிழமை சொட்டும். ஞாயிறு லீவு. திங்கட்கிழமை ஊற்றும். செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல் தானாகவே நின்றுவிடும். கெட்டுப்போன எந்திரம் எல்லா நாளும் கெட்டுப்போயிருக்க வேண்டும், அதுதான் நியாயம். இது கிழமை பார்த்து ஒழுகியது.

"சார், மெஷின் வெள்ளிக்கெழம விரதம் இருக்குது போல" என்றான் என் ஃபிட்டர் ஒருவன். கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் ஸ்பேனரைத்தான் போடுவேன். அவன் அதற்கப்புறம் ஒரு வாரம் என் கண்ணில் படவில்லை.

எனக்கு ஆற்றாமையாக இருந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அந்த எந்திரத்தை நான் மற்றதைப்போல நடத்தியதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதன் செயின் என் கையுறையைப் பிடித்து இழுத்தது. கையுறை போனது, கை மிஞ்சியது. அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முதல் ஷிப்ட் தொடங்கியதும் அதற்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவேன். வீட்டில் என் மனைவி ஜெயமணி சந்தனத்தைக் குழைத்துக் கொடுத்தனுப்புவாள். முதலில் மின்சாரப் பெட்டியின் மேல்தான் வைத்துக்கொண்டிருந்தேன். ஜூலையில் பெட்டிக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, 'தொடாதீர்' என்று ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டார்கள். சரி, இடமா இல்லை? கியர்பாக்ஸின் உச்சி நெற்றி மாதிரி அகலமாக இருந்தது. நட்டநடுவில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு பித்தளைத் தலை. ஸ்டூல் போட்டு ஏறி அதன்மேல் அப்பி வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. இவ்வளவு செய்தும் என்னை இப்படிப் படுத்துகிறதே என்றுதான் வருத்தம்.

எங்கள் மேனேஜர் மாதவனுக்கு வருத்தமெல்லாம் கிடையாது, வரைபடம்தான். முப்பத்திரண்டு வயது, நல்ல மனுஷன், ஆனால் எதையும் கோடாகப் போட்டால்தான் புரியும். ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் நடுவே எந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கணக்கெடுத்துச் சுவரில் ஒட்டுவார். மற்ற எந்திரங்களின் கோடு ஏறிக்கொண்டிருக்க, மூன்றாம் நம்பர் கோடு மட்டும் தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

செப்டம்பர் முதல் வாரம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அன்புமணி சார், சீல் மாத்துறது வைத்தியம் இல்ல. ஒய்-ஒய் போட்ருவோம்."

ஒய்-ஒய் என்பது ஐந்து கட்டம் போட்ட ஒரு தாள். ஏன் பழுது என்று கேட்டு முதல் கட்டத்தில் பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலுக்கு ஏன் என்று கேட்டு அடுத்தது. இப்படி ஐந்து ஏன். ஐந்தாவதில் பழுதின் வேர் அகப்பட்டுவிடும் என்பது ஐதீகம். நான் மூன்று நாள் எழுதினேன். முதல் நாள் ஐந்தாவது ஏன் சீல் விற்ற சென்னைக்காரனிடம் போய் நின்றது. இரண்டாம் நாள் தண்ணீர்ச் சூட்டில். மூன்றாம் நாள், எந்திரத்தை ஓட்டும் பெரியதம்பியிடம்.

அது எனக்கே நம்பும்படியாக இருந்தது. கியர்பாக்ஸில் எண்ணெய் அளவு பார்த்து, குறைந்திருந்தால் பக்கவாட்டு மூடியைத் திறந்து ஊற்றுவது ஓட்டுகிறவன் வேலை. வாரம் ஒரு தடவை, வெள்ளிக்கிழமை காலை. அளவுக் கோட்டுக்கு மேல் ஊற்றினால் மிச்ச எண்ணெய் சீல் வழியாகத்தான் வெளியே வரும். வெள்ளிக்கிழமை ஊற்றுகிறான், வெள்ளிக்கிழமை ஒழுகுகிறது. இதைவிட என்ன வேண்டும்?

பெரியதம்பிக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அஞ்செட்டிக்கும் உள்ளே தள்ளி ஒரு மலைக்கிராமம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எங்களிடம் இரண்டு வருஷப் பயிற்சியில் இருந்தான். செப்டம்பர் முப்பதோடு பயிற்சி முடிகிறது. வேலை நிரந்தரம் என்று அன்றைக்குள் கடிதம் வந்தால் இருப்பான், வராவிட்டால் ஊருக்குப் போவான். தேன்கனிக்கோட்டையில் மணிமேகலை என்று ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். பெண் வீட்டார் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் நிச்சயம் என்று சொல்லிவிட்டார்களாம். இது தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அவனைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினேன்.

"நான் கோட்டுக்கு மேல ஊத்துல சார்" என்றான்.

"அப்ப நானா ஊத்துனேன்?"

"அப்பிடிச் சொல்லுல சார். பாத்துக்கினுதான் ஊத்தறேன். கோடு தாண்டாது." தாளை இன்னொரு தடவை பார்த்தான். "செவ்வாக்கெழம நின்னுடுதே சார், அது ஏன்?"

"அதிகமா ஊத்துனது வழிஞ்சி தீந்தா நிக்காம என்ன பண்ணும்? கேள்வி கேக்குற ஆளப் பாரு" என்றேன்.

ஐந்தாவது கட்டத்தில் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாளிலிருந்து பெரியதம்பியைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். மூன்றாம் நம்பருக்குக் கங்கப்பன் வந்தார். பாகலூர்க்காரர், வயது ஐம்பதை நெருங்கும், பழைய ஆள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் இரண்டும் கலந்த தமிழ்.

கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலமே விருத்தாசலத்திலிருந்து போன் வந்தது. என் சித்தப்பா காலமாகிவிட்டார். கிளம்பிப் போய்க் காரியங்களில் கூட நின்றுவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். பங்காளித் தீட்டு. பதினாறு நாளைக்குச் சாமி காரியம் எதுவும் தொடக்கூடாது. இரண்டு வெள்ளிக்கிழமை எந்திரத்துக்குச் சந்தனம் வைக்கவில்லை. மனசுக்குள் அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அந்த இரண்டு வாரமும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

மாதவனுக்குத் தலைகால் புரியவில்லை. படுத்திருந்த கோடு எழுந்து நின்றுவிட்டது. பெரியதம்பி இருந்தான், ஒழுகியது. பெரியதம்பி போனான், நின்றது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? மாதத்தின் சிறந்த ஒய்-ஒய் என்று என் தாளைச் சட்டம் போட்டு அறிவிப்புப் பலகையில் மாட்டினார்கள். எல்லாரும் கைதட்ட எனக்கு ஒரு சின்ன எவர்சில்வர் சம்புடம் பரிசாகக் கொடுத்தார்கள். கைதட்டியவர்களில் பெரியதம்பியும் இருந்தான். மற்றவர்கள் தட்டினார்களே என்று தட்டியிருப்பான். நான் அவன் பக்கம் பார்க்காமல் சம்புடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனைப் பற்றிய குறிப்பில் 'நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்க இயலாது' என்று எழுதிக் கொடுத்ததும் அந்த வாரத்தில்தான்.

தீட்டுக் கழிந்த மறுநாள், இருபத்திரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. ஜெயமணி சந்தனத்தை அந்தப் பரிசுச் சம்புடத்திலேயே போட்டுக் கொடுத்தாள். இரண்டு வாரம் விட்டுப்போனதற்குச் சேர்த்து, கொஞ்சம் தாராளமாகவே குழைத்திருந்தாள். நானும் தாராளமாகவே வைத்தேன்.

மதியம் சீலைச் சுற்றி ஈரம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சனிக்கிழமை சொட்டியது. திங்கட்கிழமை ஊற்றியது. பெரியதம்பி பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறான், இங்கே எந்திரம் அவன் இருந்தபோது செய்ததையே செய்கிறது. கங்கப்பனும் கூட ஊற்றுகிறாரோ என்று நானே கோட்டைப் பார்த்தேன். எண்ணெய் கோட்டுக்குக் கீழேதான் நின்றது. பெரியதம்பியை மாற்றிய கடுப்பில் யாராவது விளையாடுகிறார்களா, அல்லது அவனே வந்து எதையாவது செய்துவிட்டுப் போகிறானா என்றுகூட யோசித்தேன். இப்போது நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது. ஆனால் யோசித்தேன். பேக்கிங் வாசலில் போய் நின்று அவனை வேவு பார்த்தேன். அவன் தலை நிமிராமல் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. புதன்கிழமை இதுவரை இல்லாத அளவுக்கு ஊற்றி, இரண்டாயிரம் பற்சக்கரம் வீணானது. இந்த எந்திரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் செவ்வாய்க்கிழமை நிற்கும் என்பதுதான். அதுவும் பொய்யாகிவிட்டது. வீட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். "ஏங்க, சாப்புட்றீங்களா, இல்ல அதுக்கும் ஏன் ஏன்னு கேட்டுக்கிட்டு இருக்கீங்களா?" என்றாள் ஜெயமணி.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். ஐந்தாவது தடவையாகச் சீல் மாற்றுவதற்கு. சனிக்கிழமை கம்பெனியில் ஆயுத பூஜை. ஸ்டூலில் ஏறிப் பார்த்தால் உச்சியில் போன வாரச் சந்தனம் காய்ந்து, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து, கல் மாதிரி இறுகியிருந்தது. பூஜை நேரத்தில் இதுவா நெற்றி என்று எரிச்சல் வந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சுரண்டினேன். பித்தளைத் தலையின் நடுவில் முனை இறங்கியதும் உள்ளேயிருந்து புஸ்ஸென்று சூடான காற்று என் முகத்தில் அடித்தது. குக்கரின் வெயிட்டைத் தூக்கினால் வருமே, அப்படி. இரண்டு மூன்று விநாடி அடித்துவிட்டு ஓய்ந்தது.

நான் ஸ்டூல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பித்தளைத் தலைக்குப் பெயர் ப்ரீத்தர். அதன் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை உண்டு. கியர்பாக்ஸ் ஓடிச் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று உப்பும். அது வெளியே போவதற்கான வழி அந்தத் துளை. அதை அடைத்தால் காற்று வேறு வழி தேடும், எண்ணெயைப் பிதுக்கிக்கொண்டு சீல் வழியாகப் போகும். ஐ.டி.ஐ. பையன்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். மாதாந்திரச் சரிபார்ப்புத் தாளில் பதினோராவது வரி, 'ப்ரீத்தர் சுத்தம் செய்தல்'. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்றுக்கும் என் டிக் இருந்தது. மேசையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே போட்ட டிக். மூன்று மாதமாக வாரா வாரம் அந்தத் துளையைத் தொட்டிருக்கிறேன். தொட்டு, அடைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கங்கப்பன் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சார், ஆ சந்தனம் நானு தொடலீங்க. தேவுருது. கையி வெக்க பயம். பெரியதம்பிதா செவ்வாக்கெழம க்ளீனிங்ல தொடைப்பான்."

செவ்வாய்க்கிழமை ஏன் நின்றது என்பதும் அந்த நிமிஷத்தில் விளங்கிவிட்டது. மூன்று மாதமாக அந்த எந்திரத்தைக் கெடுத்தவன் நான். வாரா வாரம் அதைச் சரிசெய்தவன் அவன். அவன் மேல்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

உண்மையைச் சொல்வதானால், முதலில் வந்த நினைப்பு நல்ல நினைப்பு இல்லை. சந்தனத்தை முழுக்கச் சுரண்டியாகிவிட்டது. துளையைத் துடைத்துவிட்டு இறங்கினால் இனி ஒழுகாது. யாருக்கும் தெரியப்போவதில்லை. புதுச் சீல் வேலை செய்கிறது என்று எழுதிவிடலாம். பலகையில் என் தாள் சட்டத்தோடு அப்படியே தொங்கும். அந்த நினைப்போடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. பிறகு கால் என்னைப் பேக்கிங் பக்கம் கூட்டிப்போனது. ஒருவேளை அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கலாம், வேண்டுமென்றே என்னிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று ஒரு நப்பாசை. அப்படியிருந்தால் அவன் மேல் கோபப்படலாம். கோபப்படுவது எனக்குச் சுலபம்.

என்னைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"செவ்வாக்கெழம க்ளீனிங்ல அந்தச் சந்தனத்த நீதான் எடுப்பியா?"

மிரண்டுவிட்டான். "தப்பாங்க சார்? ஈரத் துணியில ஊறவெச்சி, குச்சில நோண்டி எடுப்பன் சார். கால் படாத எடமாப் பாத்துதான் போடுவன்."

"அடியில துளை இருந்துச்சே, பாக்கலியா?"

"பாத்தன் சார். அதுக்குள்ளயும் போயிக்கினு இருக்கும், குண்டூசி விட்டாத்தான் வரும். சார் அங்க வெக்கிறாருன்னா எதாச்சும் காரணம் இருக்கும்னு நெனச்சிக்கினன்."

"பின்ன எதுக்குடா எடுத்த?"

"நீங்க வெள்ளிக்கெழம புதுசா வெப்பீங்க இல்லீங்களா சார்? பழசு காஞ்சி கெடந்தா நல்லா இருக்காது. எடம் சுத்தமா இருக்கட்டுமேன்னுதான்."

என் கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. போடுவதற்குத் தோன்றவில்லை. எனக்காகத்தான் அந்த இடத்தைத் துடைத்து வைத்திருக்கிறான். திரும்பி நடந்தேன். இன்னொரு புகார் எழுதப் போகிறேன் என்று அவன் நினைத்திருப்பான்.

பலகையிலிருந்து சட்டத்தைக் கழற்றினேன். தாளை உருவி ஐந்தாவது கட்டத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதி, மாதவன் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் ஜன்னலைச் சாத்தினார்.

"அன்புமணி சார், இது கஸ்டமருக்குப் போற பேப்பர். சந்தனம்னு எப்பிடி சார் அனுப்புறது? அந்நியப் பொருள் அடைப்புன்னு போட்ருவோம். உங்க பேரும் வராது."

"அந்நியப் பொருள்னா எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பான். அந்த எடத்துல மறுபடி பெரியதம்பி பேருதான் வரும்."

"ஹெச்.ஆருக்கு பர்மனென்ட் லிஸ்ட் காலைலயே போயிடுச்சு சார். இப்ப மாத்தணும்னா நீங்க எழுதுன ரிமார்க் தப்புன்னு நீங்களே எழுதித் தரணும். மெமோ வரும்."

"அதையும் எழுதிட்டேன். பின்பக்கம் இருக்கு பாருங்க."

தாளைத் திருப்பிப் பார்த்தார். 'ப்ரீத்தர் துளையில் சந்தனம் வைத்தவன்: அன்புமணி. ப்ரீத்தரைப் பார்க்காமல் டிக் போட்டவன்: அன்புமணி. பெரியதம்பியைப் பற்றித் தவறாகக் குறிப்பு எழுதியவன்: அன்புமணி. துளையைச் சுத்தம் செய்தவர்: பெரியதம்பி.' அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் போனை எடுத்தார். ஹெச்.ஆரில் யாருடனோ அரைமணி நேரம் இங்கிலீஷில் மல்லுக்கட்டினார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

எனக்கான மெமோ வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. பெரியதம்பிக்கான நிரந்தரக் கடிதம் முப்பதாம் தேதி சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தது, பூஜைக்கு வாழைக்கன்று கட்டிக்கொண்டிருக்கும்போது. அவன் அதைப் படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மூன்றாம் நம்பர் எந்திரத்துக்கு வந்தான். நான் சம்புடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றிருந்தேன். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன்.

அவன் ஈரத்துணியை எடுத்து, எந்திரத்தின் முன்பக்கத்து இரும்புத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடத்தைத் துடைத்தான். ஏதாவது துளை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான்.

"இங்க வெய்ங்க சார்" என்றான்.